கண் பார்க்காமல் கை எடுக்கும் விந்தை

மாலை ஆறு மணிக்கு மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? அடுத்த முறை ஏறும்போது, உட்கார இடம் தேடுவதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு நடத்துனரின் கைகளைக் கவனியுங்கள். அவருடைய கண் படிக்கட்டில் தொங்கும் பையன் மேல் இருக்கிறது. வாய், "உள்ளே வா, உள்ளே வா" என்று அதட்டுகிறது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. இத்தனைக்கும் நடுவே அவருடைய வலக்கை தோல் பைக்குள் போய், ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் ஓர் இரண்டு ரூபாய் நாணயத்தையும் பொறுக்கி எடுத்து, கூடை வைத்திருக்கும் பெரியவரின் கையில் வைத்துவிடுகிறது. அவர் பையைப் பார்க்கவே இல்லை!

ஓய்வு பெற்ற நடத்துனர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு பழைய கதையைச் சொன்னார். ஒரு தடவை அவருடைய பையின் வார் அறுந்துபோயிற்று. நண்பரின் பையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போனார். அதுவும் அதே அளவுப் பைதான், அதே அறைகள்தான். ஆனால் வார் நாலு விரற்கடை நீளம் அதிகம். "அன்னிக்குப் பூரா கை வெறும் காத்தைத்தான் தொட்டுச்சு தம்பி. இருபது வருஷ சர்வீஸ்காரன், நேத்து வேலைக்குச் சேர்ந்தவன் மாதிரி குனிஞ்சு குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

நாலு விரற்கடை! அவ்வளவுதான் வித்தியாசம். இருபது வருடப் பழக்கத்தை அது ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. இந்த நாலு விரற்கடையைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறவர்கள் வேறு சிலரும் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் கைத்துப்பாக்கிப் போட்டிக்காரர்கள். இடுப்பு வாரில் தோட்டாப் பைகளை எங்கே மாட்டுவது என்பதைப் பற்றி அவர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த வாதத்துக்குள் உடலியலும் கணக்கும் நிறைய இருக்கின்றன.

ஓடிக்கொண்டே சுடும் போட்டி

துப்பாக்கிச் சுடும் போட்டி என்றதும் உங்களுக்கு ஒலிம்பிக்ஸ் நினைவுக்கு வரலாம். 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் நாட்டு விஜய்குமார் 25 மீட்டர் துரிதச் சுடுதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் வரிசையாக நிற்கும் ஐந்து இலக்குகளை ஐந்து தோட்டாக்களால் சுட வேண்டும். முதலில் 8 வினாடி கிடைக்கும், பிறகு 6 வினாடி, பிறகு 4 வினாடி. அவசரமான போட்டிதான். ஆனால் வீரர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஐந்து சுட்டதும் கடிகாரம் நின்றுவிடும். மறுபடி தோட்டா நிரப்பும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டபோது ஊரே திரண்டு வேடிக்கை பார்த்ததல்லவா? அங்கே நடந்ததும் நின்று சுடும் போட்டிதான்.

நாம் பேசப்போவது வேறொரு வகை. இதற்கு 'நடைமுறைச் சுடுதல்' என்று பெயர். 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பல நாட்டுச் சுடுநர்கள் கூடி இதற்கென ஒரு சர்வதேசச் சம்மேளனத்தை அமைத்தார்கள். ஐ.பி.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைப்பார்கள். ஜெஃப் கூப்பர் என்பவர் அதன் முதல் தலைவர். 2022-இல் இதன் உலகப் போட்டி நமக்கு அதிக தூரமில்லாத தாய்லாந்தில், பட்டாயா நகரில் நடந்தது.

இந்தப் போட்டியில் வீரர் ஓரிடத்தில் நிற்பதில்லை. 'பீப்' என்று ஓர் ஒலி கேட்டதும் புறப்பட்டு, தட்டிகளுக்கும் சுவர்களுக்கும் இடையே நகர்ந்து, அங்கங்கே நிற்கும் அட்டை இலக்குகளைச் சுட்டுக்கொண்டே போகிறார். கடைசி வெடிச் சத்தத்தோடு கடிகாரம் நிற்கிறது. நடுவில் தோட்டா தீர்ந்தால்? கடிகாரம் அதற்காகக் காத்திருக்காது. காலியான மேகசினைக் கீழே நழுவவிட்டு, இடுப்பிலிருந்து புதியதை எடுத்துச் செருகிவிட்டு ஓட வேண்டியதுதான்.

மேகசின் என்றதும், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மாத இதழும் மேகசின்தானே என்று கேட்பீர்கள். ஆம், இரண்டும் ஒரே சொல்தான்! அரபு மொழியில் 'மக்ஸன்' என்றால் கிடங்கு. அது ஐரோப்பிய மொழிகளுக்குள் போய், வெடிமருந்துக் கிடங்குக்கும் பெயராயிற்று. பலவகை விஷயங்களைச் சேர்த்து வைத்த அறிவுக் கிடங்கு என்ற பொருளில் பத்திரிகைக்கும் பெயராயிற்று. துப்பாக்கியின் மேகசின் என்பது கைப்பிடிக்குள் கீழிருந்து செருகப்படும் ஒரு தகரக் கூடு. உள்ளே ஒரு வில்சுருள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டிருக்கும். நிரம்பிய கூடு ஏறக்குறைய கால் கிலோ எடை இருக்கும். இத்தகைய கூடுகள் நான்கைந்தை இடுப்பு வாரில், ஒவ்வொன்றுக்கும் தனிப் பையில், வரிசையாகச் செருகிக்கொண்டு போட்டிக்கு வருவார்கள்.

அரை வினாடியின் விலை

ஒரு சின்னக் கணக்குப் போடுவோமா? இந்தப் போட்டியில் பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுப்பார்கள். ஈவு யாருக்கு அதிகமோ அவரே முன்னால் நிற்பார். ஓர் ஆட்டத்தில் 12 அட்டை இலக்குகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அடி. ஒவ்வோர் அடியும் நடுவில் பட்டால் 5 புள்ளி. ஆக 24 அடிக்கு 120 புள்ளி. ஒரு வீராங்கனை இதை 12 வினாடியில் முடிக்கிறாள். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10.

சாதாரணத் துப்பாக்கிகளுக்கான பிரிவில் ஒரு மேகசினில் 15 தோட்டாக்களுக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது விதி. எனவே 24 அடிக்கு ஒரு முறையாவது மேகசின் மாற்றியே தீர வேண்டும். நன்கு பழகியவர்களுக்கு ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே அந்த மாற்றத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை வினாடி போதும். ஆனால் நம் வீராங்கனையின் கை பையைத் தவறவிட்டுத் தடவுகிறது. அரை வினாடி போய்விட்டது. இப்போது 120-ஐ 12½-ஆல் வகுத்தால் 9.6. சரி, 12 வினாடியிலேயே முடித்து, ஆனால் குறி தவறி இதே 9.6-ஐப் பெற எத்தனை புள்ளிகளை இழக்க வேண்டும்? 9.6-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: 115.2. அதாவது ஏறத்தாழ ஐந்து புள்ளி. ஆண்டுக்கணக்கில் குறி பார்த்துப் பழகிச் சம்பாதித்த ஒரு முழு நடு அடியை, இடம் மாறிய ஒரு பை தின்றுவிட்டது!

கை போகும் இரண்டு பயணங்கள்

மேகசின் மாற்றும்போது இடக்கை என்ன செய்கிறது? (வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம், துப்பாக்கி வலக்கையிலேயே இருக்கும்.) மார்புக்கு முன்னாலிருந்து புறப்பட்டு இடுப்புக்குப் போகிறது. அது முதல் பயணம். அங்கே கூட்டைப் பிடித்து உருவிக்கொண்டு, துப்பாக்கிக் கைப்பிடியின் அடிவாய்க்குத் திரும்பி வருகிறது. அது இரண்டாம் பயணம்.

இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் இரண்டும் ஒரே கஷ்டமா? இதற்கு விடை சொன்னவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் விஞ்ஞானி. 1954-இல் அவர் சில எளிய சோதனைகளைச் செய்தார். ஓர் உலோகக் குச்சியைக் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு தகடுகளை மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடுகளின் அகலத்தையும் இடைவெளியையும் மாற்றிக்கொண்டே போனார். துளைகளில் முளைகளைச் செருகவும் சொன்னார். (மேகசின் செருகுவதும் ஒருவகையில் அதுதானே!) அவர் கண்ட விதி இதுதான்: கை போக வேண்டிய தூரத்தை இரட்டித்து, இலக்கின் அகலத்தால் வகுங்கள். வரும் எண் 2-இன் எத்தனையாவது அடுக்கு என்று பாருங்கள். அதுதான் அந்த அசைவின் கடினம். கடினம் ஒரு படி ஏறும்போதெல்லாம் நேரமும் ஒரே அளவில் கூடுகிறது.

எடுத்துக்காட்டாக, தூரம் 40 செ.மீ., இலக்கின் அகலம் 10 செ.மீ. 80-ஐ 10-ஆல் வகுத்தால் 8. அதாவது 2-இன் மூன்றாம் அடுக்கு. கடினம் 3. அகலத்தை 5 செ.மீ. ஆகக் குறையுங்கள். 80-ஐ 5-ஆல் வகுத்தால் 16. கடினம் 4 ஆகிவிட்டது. மீண்டும் 3-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தூரத்தைப் பாதியாக்க வேண்டும். இலக்கு பாதியாகச் சுருங்குவதும் தூரம் இரு மடங்காவதும் கைக்கு ஒரே சுமைதான் என்பது இதன் சுவையான முடிவு.

இப்போது நம் இரண்டு பயணங்களுக்கு வாருங்கள். இடுப்பிலுள்ள மேகசினின் அடிப்பாகத்தில் உள்ளங்கை எங்கே பட்டாலும் விரல்கள் தடவிப் பிடித்துக்கொள்ளும். கைக்கு அது அகலமான இலக்கு. துப்பாக்கியின் அடிவாயோ இரண்டு மூன்று செ.மீ. அகலமே உள்ள பொந்து. அதில் கூட்டின் வாயைச் சாய்க்காமல் நுழைக்க வேண்டும். ஆகையால் பயிற்சியாளர்கள் ஒரு தந்திரம் சொல்லித் தருகிறார்கள்: பையைப் பார்க்காதே, பொந்தைப் பார்! கை இடுப்புக்குப் போகும்போதே கண் துப்பாக்கியின் அடிவாய்க்கு வந்து காத்திருக்க வேண்டும். கூடு உள்ளே போனதும் உடனே இலக்குக்குத் திரும்ப வேண்டும். கண் ஒரிடத்தை விட்டு வேறிடத்துக்குத் தாவத் தீர்மானித்துக் கிளம்பவே வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். அத்தகைய தாவல்களைப் பைக்காக வீணாக்கினால் கட்டுப்படியாகாது.

விலையுயர்ந்த பந்தயத் துப்பாக்கிகளில் அடிவாயைச் சுற்றி ஒரு புனல் பொருத்தியிருப்பார்கள். மண்ணெண்ணெய்ப் புட்டிக்குப் புனல் வைப்பது போலத்தான். பொந்தின் அகலம் கூடுகிறது. ஃபிட்ஸ் சொன்ன கடினம் இறங்குகிறது. சாதாரணப் பிரிவில் அதற்கு அனுமதி இல்லை. அங்கே இருப்பதெல்லாம் கண்ணும் பழக்கமும்தான்.

ஐந்துக்குப் பிறகு ஒன்று

சரி, கண்ணைப் பொந்துக்குக் கொடுத்துவிட்டோம். இடுப்புக்குப் போன கைக்கு வழி காட்டுவது யார்?

கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சுட்டு விரலால் மூக்கு நுனியைத் தொடுங்கள். தொட்டுவிட்டீர்கள் அல்லவா? பார்க்கவில்லை, கேட்கவில்லை, முகரவில்லை. தொடுவதற்கு முன்பே விரல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. நம் தசைகளுக்குள் நூல்கண்டு போன்ற மிகச் சிறிய உணர்விகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை அவை நொடிக்கு நொடி மூளைக்கு அறிவிக்கின்றன. தசைநாண்களிலும் மூட்டுகளிலும் வேறு சில உணர்விகள் உண்டு. இவையெல்லாம் சேர்ந்து, 'உன் முழங்கை இத்தனை மடங்கியிருக்கிறது, தோள் இத்தனை திரும்பியிருக்கிறது' என்று ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. இந்த உணர்வைத் தனியாகப் பிரித்து 1906-இல் அதற்குப் பெயரிட்டவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். பின்னாளில், 1932-இல், நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. தமிழில் நாம் 'இருப்புணர்வு' என்று வைத்துக்கொள்வோம்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1971-இல் இயான் வாட்டர்மன் என்ற 19 வயது ஆங்கிலேய இளைஞருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர். காய்ச்சல் போனது, போகும்போது கழுத்துக்குக் கீழே இருந்த இருப்புணர்வையும் தொடுவுணர்வையும் கொண்டு போய்விட்டது. தசைகளில் பலம் குறையவில்லை. ஆனால் கை எங்கே, கால் எங்கே என்பது அவருக்குத் தெரியவில்லை. படுக்கையில் உட்காரக்கூட முடியவில்லை. பல மாதங்கள் விடாமல் முயன்று, ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து அசைக்கக் கற்றுக்கொண்டு மறுபடி நடந்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்! நமக்கு இருட்டில் தண்ணீர்ப் பானை இருக்கும் இடத்துக்கு நடந்துபோக முடிகிறதே, அது எவ்வளவு பெரிய சொத்து என்பது அவரைப் போன்றவருக்குத்தான் தெரியும்.

வார் மேல் எந்த இடம்?

இருப்புணர்வு ஒரு நல்ல வேலைக்காரன். ஆனால் இடத்தை மாற்றினால் கோபித்துக்கொள்வான். ஆகையால் பையை எங்கே மாட்டுவது என்ற கேள்வி, பெரும்பகுதி, அந்த வேலைக்காரனுக்கு எது வசதி என்ற கேள்விதான்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. நேராக நின்று, இரு கைகளையும் மார்புக்கு முன் நீட்டிக்கொள்ளுங்கள். கண்ணை மூடுங்கள். இடக்கையை மட்டும், எதையும் யோசிக்காமல், முழங்கை தானாகப் பின்னால் இறங்கும்படி இடுப்புக்கு விடுங்கள். எங்கே படுகிறது? பெரும்பாலோருக்கு இடுப்பெலும்பின் முன் முனைக்குச் சற்றுப் பக்கத்தில் படும். முதல் பைக்கு அதுதான் இயற்கையான இடம். சாதாரணத் துப்பாக்கிப் பிரிவின் விதி பைகள் எல்லாம் இடுப்பெலும்பின் முன் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்கிறது. உடலை விட்டு 5 செ.மீ.க்கு மேல் தள்ளி நிற்கவும் கூடாது. ஆகவே அந்தப் பிரிவில் ஆடுகிறவர்கள் விதி விடும் எல்லைக்கோட்டை ஒட்டி முதல் பையை மாட்டுவார்கள். அடுத்தடுத்தவை அதற்குப் பின்னால், முதுகை நோக்கி வரிசையாகப் போகும்.

பின்னால் போகப் போக ஏன் கஷ்டம்? தோள் மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும் போன்றது. கையை முன்னால் தலைக்கு மேல்வரை தூக்கலாம். ஆனால் பின்னால் ஏறத்தாழ 60 பாகைக்கு மேல் கொண்டுபோக முடியாது. அந்த எல்லையை நெருங்கும்போது தோள் உட்பக்கம் திருகிக்கொள்கிறது, மணிக்கட்டும் மடங்குகிறது. மணிக்கட்டு மடங்கினால் என்ன நஷ்டம் என்று இப்போதே பார்த்துவிடுங்கள். உள்ளங்கையை முன்கையை நோக்கி முடிந்த மட்டும் மடக்கிக்கொண்டு, முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். முடியவில்லை, பார்த்தீர்களா? விரல்களை மடக்கும் தசைநாண்கள் தொய்ந்துபோகின்றன. நீட்டும் தசைநாண்களோ மேலே இழுபட்டு விரல்களை மடங்கவிடாமல் தடுக்கின்றன. மடங்கிய மணிக்கட்டோடு ஒரு கால் கிலோ கூட்டை வெடுக்கென்று உருவ முடியாது. அதனால்தான் பைகளை நேராக மாட்டாமல், மணிக்கட்டு நேராக நிற்கும் கோணம் கிடைக்கும்வரை சற்றுச் சாய்த்து மாட்டுகிறார்கள். முன் பையிலிருந்து தொடங்கிப் பின்னால் உள்ளவற்றை நோக்கிப் போவதற்கும் இதுவே காரணம். எட்டுவதற்குக் கஷ்டமானது, தேவைப்பட்டால்தான்.

கூட்டைப் பையில் வைக்கும் திசையும் முக்கியம். தோட்டாவின் முனை முன்னோக்கி இருக்கும்படி செருகுவதே பெரும்பாலோர் வழக்கம். உள்ளங்கை கூட்டின் அடித்தகட்டில் பொருந்தும்போது சுட்டு விரல் கூட்டின் முன்பக்கத்தோடு நீண்டு படியும். அந்த விரல் சும்மா இல்லை. கண் பொந்தைப் பார்க்கும். விரல் பொந்தைச் சுட்டும். விரலால் ஒன்றைச் சுட்டிக் காட்டுவது குழந்தைப் பருவத்திலிருந்து நாம் பழகிய வித்தை அல்லவா?

இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. இரண்டு பைகளை நெருக்கமாக மாட்டினால் ஒன்றை எடுக்கும் விரல் பக்கத்துக் கூட்டில் இடிக்கும். பையின் பிடிப்பு இறுக்கமாக இருந்தால் கூட்டோடு வாரே இழுபடும். தளர்ந்திருந்தால் ஓடும்போது கூடு மண்ணில் கிடக்கும். வாரும் சாதாரண வார் அல்ல. பேன்ட்டின் வளையங்களுக்குள் மெல்லிய வார் ஒன்று, அதன் மேல் ஒட்டிக்கொள்ளும் விறைப்பான வார் இன்னொன்று. ஒரு பக்கம் நாலு கூடு, மறு பக்கம் துப்பாக்கி என்று கனம் ஏறினாலும் அது சுழலாது, தொய்யாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே அந்தக் கனம் இடம் நகர்ந்தால்தான் பயம்.

ஆளுக்கு ஆள் உடல் வேறு. கை குட்டையானவருக்கும் தொப்பை உள்ளவருக்கும் ஒரே இடம் ஒத்துவராது. சாம்பியன் மாட்டுகிற இடத்தில் அப்படியே மாட்டிக்கொள்வது, அண்ணனின் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது போலத்தான்.

தவறினால் வெளியே

இதுவரை அரை வினாடிக் கணக்கைப் பேசினோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கை பையைக் காணாமல் தடவும்போது மனிதன் என்ன செய்வான்? குனிவான், திரும்புவான், இடுப்பைப் பார்ப்பான். உடல் திரும்பினால் வலக்கையிலுள்ள துப்பாக்கியும் சேர்ந்து திரும்பும். வலக்கைக்காரர் இடப்பக்கமாக ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது இந்த ஆபத்து மிக அதிகம். உடல் ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. மாற்றுவதற்காக மடக்கிய கையில் குழலும் இடப்பக்கமே சாய்கிறது. இன்னும் கொஞ்சம் திரும்பினால் அது பின்னால் நிற்கும் மனிதர்களை நோக்கிவிடும்.

இதற்கு மன்னிப்பே கிடையாது. குழல் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் திரும்பினால் அந்தப் போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். மேகசின் மாற்றும்போது சுட்டு விரல் விசை வளையத்துக்குள் இருந்தாலும் அதே தண்டனைதான். உலக சாம்பியனானாலும் சரி. இடம் தவறாத பை நேரத்தை மட்டும் மிச்சப்படுத்தவில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா? கை அலையாவிட்டால் உடல் அலையாது. உடல் அலையாவிட்டால் குழல் அலையாது.

பனை மேலும் மருத்துவமனையிலும்

இடுப்பில் பொருளை எங்கே வைப்பது என்ற கணக்கை நம் பக்கத்து மனிதர்கள் வெகு காலமாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து தென்கிழக்கே இராமநாதபுரம் நோக்கிப் போனால் சமவெளியெங்கும் பனைகள் தெரியும். பனையேறும் தொழிலாளியின் இடுப்பைப் பாருங்கள். பாளை சீவும் அரிவாள் ஒரு பெட்டிக்குள் இருக்கும். அது முன்பக்கம் தொங்குவதில்லை. மார்பும் வயிறும் மரத்தை அணைத்து ஏற வேண்டுமே! பெட்டி பக்கத்திலோ பின்பக்கத்திலோ கட்டப்பட்டிருக்கும். மேலே போனதும் ஒரு கை மட்டையைப் பற்றியிருக்க, மறு கை பின்னால் போய் அரிவாளை எடுக்கும். அதன் முனை சவரக் கத்திபோலக் கூர்மையானது. அறுபது எழுபது அடி உயரத்தில் நின்றுகொண்டு, எங்கே வைத்தோம் என்று திரும்பித் தேடுகிற வேலை நடக்காது. அந்தப் பெட்டியின் இடத்தைத் தீர்மானித்தது எந்த விதிப்புத்தகமும் இல்லை. விழுந்தவர்களைப் பார்த்த அனுபவம்தான் தீர்மானித்தது.

மதுரை நகருக்குள்ளேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. துப்பாக்கிச் சுடுநர்கள் கொலம்பியாவில் கூடிய அதே 1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி இங்கே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதிலேயே கடுமையான முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. கத்தியைப் பிடிப்பதையே மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டவர் அவர். தம் விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். கைக்குக் கருவி ஒத்துப்போக வேண்டும் என்ற பாடத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்த மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார் செய்துவிடுகிறார்கள். முடிந்ததும் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மருத்துவர் வேலையைத் தொடர்கிறார். கருவியைத் தேட அவர் கண்ணை எடுப்பதில்லை. கையை நீட்டினால் உரிய கருவி உரிய விதமாக உள்ளங்கையில் வந்து அமர்கிறது. அறுவை மருத்துவர் கருவியைத் தேடக் கூடாது, உதவியாளர்தான் கையில் கொடுக்க வேண்டும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வற்புறுத்தியவர் ஃபிராங்க் கில்பிரெத். அவர் மருத்துவர் அல்லர், அமெரிக்கக் கொத்தனார்! செங்கல் அடுக்குகிறவனின் கை அசைவுகளை எண்ணி எண்ணிக் குறைத்துப் பேர் பெற்றவர்.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குத் துப்பாக்கி எதுவும் வேண்டாம். விளையாட்டுத் துப்பாக்கியும் வேண்டாம். பழைய இடுப்பு வார் ஒன்று, காலியான பற்பசை அட்டைப் பெட்டிகள் மூன்று, அவற்றைச் செருக அட்டையில் ஒட்டிய மூன்று பைகள், ஒரு காலணிப் பெட்டி இவ்வளவு போதும். பற்பசைப் பெட்டிகளுக்குள் மணல் நிரப்பி ஒட்டிவிட்டால் கனம் கிடைக்கும். காலணிப் பெட்டியின் மூடியில், பற்பசைப் பெட்டி நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை வெட்டுங்கள். அதை மார்பு உயரத்தில் ஒரு மேசை மேல் வையுங்கள். கைப்பேசியில் உள்ள நிறுத்து கடிகாரத்தைத் தம்பி பிடித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு பையை இடுப்பெலும்பின் பக்கத்திலும், ஒன்றைச் சட்டைப் பக்கத் தையலுக்கு நேராகவும், ஒன்றை அதற்குப் பின்னாலும் மாட்டுங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, தம்பி கை தட்டியதும் ஒரு பெட்டியை எடுத்துத் துளையில் போடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் பத்துத் தடவை. நேரத்தைக் குறித்துச் சராசரி காணுங்கள். இரண்டாவது சுற்றில், கை இடுப்புக்குப் போகும்போது கண்ணைத் துளைக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது சுற்றில் துளையை இரண்டு மடங்கு அகலமாக்குங்கள். ஃபிட்ஸ் சொன்னது சரிதானா என்பது உங்கள் நோட்டுப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் வலப்பக்கம் மாற்றிச் செய்யுங்கள்.

கடைசிச் சோதனைக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். தினமும் ஐம்பது தடவை, ஒரே பையிலிருந்து எடுத்துப் பழகுங்கள். ஏழாம் நாள் தம்பி உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பையை வாரின் மேல் நாலு விரற்கடை பின்னால் தள்ளி வைக்கட்டும். பிறகு, எந்த நேரத்தில் என்று சொல்லாமல், கை தட்டட்டும். கை எங்கே போய் நிற்கிறது என்று அவனே கவனித்துச் சொல்வான்.